அவர்களுக்குத் தங்கள் நலன் தெரியாதா?

(ஒரு வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நம் ஊரில் பேச ஆயிரம் இருக்கிறது. பிறகு ஒப்புக்கொண்டேன். எனக்கு நானே தீர்க்க வேண்டிய பழைய கணக்கு ஒன்று இதில் இருக்கிறது.

2020 மார்ச் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. சவுத் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி முடிவு வந்திருந்தது. ஜோ பைடனுக்கு ஏறத்தாழ 49 விழுக்காடு, பெர்னி சாண்டர்ஸுக்கு 20 விழுக்காடு. அங்கே அந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேர் பைடனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாங்கள் ஹாஸ்டலில் சாண்டர்ஸ் ரசிகர்கள். எல்லோருக்கும் மருத்துவம், இலவசக் கல்லூரி, கல்விக்கடன் தள்ளுபடி என்று பேசுகிற ஒருவரை எங்களுக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? எங்கள் வாட்ஸாப் குழுவில் நான் எழுதினேன்: "கறுப்பின மக்களுக்கே தங்கள் நலன் எதுவென்று தெரியவில்லை." பத்துப் பதினைந்து கட்டைவிரல்கள் வந்தன.

மூன்று வாரத்தில் ஊரடங்கு வந்தது, வீட்டுக்குப் போனேன். ஒருநாள் இரவு அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அமெரிக்கா எங்கே இருக்கிறது என்பதில் அம்மாவுக்கு அக்கறை இல்லை. ஆனால் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புடிச்சவனுக்கா பாப்பா ஓட்டுப் போடுறோம்? எவன் வந்தா ராத்திரி நம்ம தெருவுக்குள்ள ஆளு வராதோ, அவனுக்குப் போடுறோம்."

அம்மா சொன்னதைப் பழமொழியாக்கி இங்கேயே உரையை முடித்துவிட்டுப் போகலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர் வாக்களித்தால் அது எப்போதும் ஞானம் என்பார்கள். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த வாக்குக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அதில் எது சரி, எங்கே இடித்தது என்று பார்க்கத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் பிரைமரி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வேட்பாளர் பட்டியலைத் தலைமை அறிவிக்கும், நாம் செய்தித்தாளில் பார்ப்போம். அங்கே கட்சி வேட்பாளரையே மக்கள் மாநிலம் மாநிலமாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது யாரும் தாமாக முன்வந்து கொடுத்த ஜனநாயகம் இல்லை. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் முழுக்க வெள்ளையினப் பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காகப் பண்ணையிலிருந்து விரட்டப்பட்ட, சிறையில் அடித்து நொறுக்கப்பட்ட ஃபேனி லூ ஹேமர் அங்கே போய், நாங்கள்தான் மிசிசிப்பியின் உண்மையான பிரதிநிதிகள் என்று சாட்சியம் சொன்னார். தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே அதிபர் ஜான்சன் திடீரென்று ஒரு செய்தியாளர் சந்திப்பை வைத்து கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். கடைசியில் அவர்கள் அணிக்கு இரண்டே இரண்டு இருக்கைகள் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

1968 சிகாகோ மாநாட்டுக் கலவரத்துக்குப் பிறகுதான் விதிகள் மாறி, பிரைமரிகளே வேட்பாளரைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. அடுத்த மாற்றம் ஜெஸ்ஸி ஜாக்சனால் வந்தது. 1988இல் அவர் ஏறத்தாழ 70 லட்சம் வாக்குகள் வாங்கினார். மிச்சிகனில் வென்றார். வெள்ளையர் மட்டுமே என்று சொல்லத்தக்க வெர்மான்டில் அவரை ஆதரித்தவர்களில் ஒருவர் அன்றைய பர்லிங்டன் நகர மேயர், பெர்னி சாண்டர்ஸ். ஜாக்சன் தோற்றார். ஆனால் தோற்றவர் கையை வீசிக்கொண்டு திரும்பவில்லை. வாக்கு விகிதத்துக்கு ஏற்பப் பிரதிநிதிகளைப் பங்கிட வேண்டும் என்ற விதியைக் கட்சியிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். இருபது ஆண்டு கழித்து, ஹிலாரி கிளிண்டன் பெரிய மாநிலங்களில் வென்றபோதும் ஒபாமா பின்தங்கிவிடாமல் காப்பாற்றியது அந்த விதிதான். 15 விழுக்காடு எல்லையைத் தாண்டிவிட்டால் தோற்ற மாநிலத்திலும் பங்கு உண்டு.

சரி, 2020க்கு வருவோம். முதலில் வாக்களித்தவை ஐயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும். இரண்டுமே பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையினத்தவராக உள்ள மாநிலங்கள். பைடன் ஐயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. ஊடகங்கள் அவருக்கு இரங்கல் குறிப்பே எழுதிவிட்டன. பிப்ரவரி 26 அன்று, நாடாளுமன்றத்தில் மிக உயர்ந்த பதவியில் இருந்த கறுப்பினத் தலைவரான ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். ஜோவை நமக்குத் தெரியும், அதைவிட முக்கியம் ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்றார். மூன்று நாளில் பைடன் வென்றார். அடுத்த இரண்டு நாட்களுக்குள் புட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகி அவர் பின்னால் நின்றார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் பத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் விலகினார்.

ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்ற அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எப்படித் தெரியும்? 36 ஆண்டுகள் செனட்டில் இருந்தவர். அவர் போட்ட வாக்குகள் எழுத்தில் இருக்கின்றன.

எனக்கு நெருக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நானும் கல்விக்கடன் வாங்கிப் படித்தவள். எம்.ஃபில். முடிப்பதற்குள் வசூல் ஆட்கள் வீட்டுக்கு வந்து, தெருவே கேட்கும்படி அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார்கள். அதனால் 2005இன் திவால் சட்டத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அமெரிக்காவில் கடனில் மூழ்கியவர் நீதிமன்றம் போய்த் திவால் ஆனதாக அறிவித்துக்கொள்ளலாம். ஒரு வழியில் கடன் பெரும்பாலும் அழிந்துவிடும். இன்னொரு வழியில் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு தவணை கட்ட வேண்டும், இடையில் தவறினால் கடன் மறுபடி தலைமேல் ஏறும். கிரெடிட் கார்டு நிறுவனங்கள் பல ஆண்டுகள் முயன்று கொண்டுவந்த 2005 சட்டம் முதல் வழியின் கதவை இறுக்கியது. தனியார் கல்விக்கடனைத் திவாலிலும் தள்ளுபடி செய்வதை ஏறக்குறைய இயலாததாக்கியது. அந்த நிறுவனங்களின் தலைமையகங்கள் பலவும் இருந்த டெலவேர் மாநிலத்தின் செனட்டர்தான் பைடன். சட்டத்துக்காக உறுதியாக நின்றார். எதிர்த்துச் செனட் குழுவின் முன் வாதாடிய ஹார்வர்டு பேராசிரியரின் பெயர் எலிசபெத் வாரன். பதினைந்து ஆண்டு கழித்து இருவரும் ஒரே மேடையில் வேட்பாளர்கள். தென் மாநிலங்களில் கறுப்பினக் கடன்காரர்களே அந்த இரண்டாவது, கடினமான வழிக்கு அதிகம் தள்ளப்படுகிறார்கள் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020 மார்ச்சில், போட்டி கையில் வந்த பிறகு, வாரனின் மாற்றுத் திட்டத்தை ஏற்பதாக பைடன் அறிவித்தார்.

அடுத்தது 1996. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், என் ஆய்வே நலத்திட்ட நிதியைப் பற்றியது என்பதால் மட்டுமல்ல. பில் கிளிண்டன் அந்த ஆகஸ்ட்டில் கையெழுத்திட்ட சட்டம், ஏழைக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு அறுபது ஆண்டுகளாக இருந்த பண உதவி உரிமையை ஒழித்தது. அதற்குப் பதிலாக மாநிலங்களுக்கு ஒரு மொத்தத் தொகை, வேலைக்குப் போனால்தான் உதவி, வாழ்நாளில் ஐந்து ஆண்டுதான் உதவி. பைடன் ஆதரித்து வாக்களித்தார். சாண்டர்ஸ் எதிர்த்தார், ஜான் லூயிஸ் எதிர்த்தார். கிளிண்டன் அரசில் உயர் பதவியில் இருந்த பீட்டர் எடெல்மன் பதவியை விட்டே விலகினார். அந்தச் சட்டத்துக்குப் பல ஆண்டுகள் மனத்தளவில் பாதை போட்டது ஒரு பொய்ச் சித்திரம்: உழைக்காமல் பிள்ளை பெற்று அரசுப் பணத்தில் வாழும் கறுப்பினத் தாய். சலுகையில் உட்கார்ந்து தின்கிறவர்கள் என்று நம்மைப் பற்றி டீக்கடையில் கேட்டிருக்கிறீர்களே, அதே குரல்தான்.

1996இல் வறுமையில் இருந்த 100 குடும்பங்களில் 68க்கு அந்த உதவி கிடைத்தது. 2020இல் 21க்கு. மொத்தத் தொகை 1996இல் நிர்ணயித்த 16.5 பில்லியன் டாலரிலேயே நிற்கிறது, விலைவாசிக்கு ஏற்ப உயரவில்லை. அதையும் மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி திருப்பிவிடலாம். மிசிசிப்பியில், ஃபேனி லூ ஹேமரின் மிசிசிப்பியில், ஏழைகளுக்கான இந்த நிதியில் 77 மில்லியன் டாலராவது முறைகேடாகப் போனது 2021 தணிக்கையில் வெளிவந்தது. அதில் 5 மில்லியன் ஒரு பல்கலைக்கழகத்தின் வாலிபால் அரங்கத்துக்குப் போயிருந்தது. பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டத்திலிருந்து 700 கோடிக்கும் மேல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பப்பட்டதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிக்கொண்டு வந்தார்களே, அந்தக் கோப்புகளோடு பல மாதம் உட்கார்ந்திருந்தவள் நான். வாலிபால் அரங்கத்தைப் பற்றிப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. எந்த நாட்டிலும் ஏழையின் பணத்துக்கு விளையாட்டின் மேல் என்ன ஈர்ப்போ!

இவ்வளவும் சொன்ன பிறகு நீங்கள் கேட்பீர்கள்: அப்படியானால் நீ வாட்ஸாப்பில் எழுதியது சரிதானே? பொறுங்கள், பதிவேட்டின் இன்னொரு பக்கம் இருக்கிறது.

1993இல் கறுப்பின மக்களில் 33 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். 2000இல் அது 22.5 விழுக்காடு. அதுவரை கண்டிராத அளவுக்குக் குறைவு. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது, குறைந்த வருமானக்காரருக்கான வரிச்சலுகை பெருகியது, வேலைகள் பெருகின. 2020இல் அறுபது வயதான ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு, தொண்ணூறுகள் என்றால் தன் மகன் முதன்முதலாக நிலையான வேலைக்குப் போன காலமாக இருக்கலாம். அந்த நினைவைப் பொய் என்று சொல்ல நான் யார்?

ஆனால் இன்னொரு மகன் சிறைக்குப் போன காலமும் அதுதான். 1994 குற்றச் சட்டத்தை எழுதியதில் முதன்மைப் பங்கு பைடனுடையது. அதற்குச் சாண்டர்ஸும் ஆதரவாகத்தான் வாக்களித்தார், கறுப்பின உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும் வாக்களித்தார்கள். இதை எங்கள் ஹாஸ்டல் விவாதங்களில் வசதியாக மறந்துவிடுவோம். இங்கே பொருளாதாரம் படிக்கிற தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்க வேலையின்மைக் கணக்கெடுப்பில் சிறையில் இருப்பவர்கள் சேர மாட்டார்கள். வேலையில்லாத ஒரு இளைஞனைச் சிறையில் அடைத்தால் வேலையின்மை விகிதம் குறையும்! நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறைகளில் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அவர்களில் கறுப்பின இளைஞர்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடப் பல மடங்கு. சமூகவியலாளர் புரூஸ் வெஸ்டர்ன் போன்றவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, தொண்ணூறுகளில் இளம் கறுப்பின ஆண்கள் அடைந்ததாகச் சொல்லப்பட்ட முன்னேற்றத்தில் கணிசமான பகுதி கரைந்துபோனது. 2019இல் கறுப்பினத்தவரின் வேலையின்மை 6 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது என்று டிரம்ப் பெருமை அடித்தபோதும் வெள்ளையினத்தவரின் விகிதம் அதில் ஏறக்குறைய பாதிதான். அந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் எந்த அதிபர் வந்தாலும் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. சொத்தைப் பார்த்தால் இன்னும் மோசம். 2019இல் நடுநிலை வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 1,88,200 டாலர், கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 24,100.

இந்த இடைவெளி ஏன் இருக்கிறது என்பதில்தான் சாண்டர்ஸ் சறுக்கினார் என்பது என் கருத்து. 2016இல் அடிமைமுறைக்கான இழப்பீட்டை ஆதரிப்பீர்களா என்று கேட்டபோது இல்லை என்றார். எல்லா ஏழைகளுக்குமான திட்டங்களே வழி என்றார். எழுத்தாளர் டா-நஹிசி கோட்ஸ் அப்போதே கேட்டார், மற்ற எல்லாவற்றிலும் சாத்தியமில்லாததைக் கேட்கத் துணிகிற ஒருவருக்கு இதில் மட்டும் ஏன் யதார்த்தம் நினைவுக்கு வருகிறது என்று. வர்க்கம் ஒழிந்தால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்ற பேச்சை நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து கேட்டவர்கள் நாம். நமக்கு இது புதிதில்லை.

"எல்லோருக்கும்" என்ற சொல்லுக்கு அந்த மக்களிடம் ஒரு வரலாறு இருக்கிறது. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் எல்லோருக்குமானது. ஆனால் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் அதில் இல்லை. தெற்கில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் செய்தவை அந்த இரண்டு வேலைகள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் எல்லோருக்கும் அரசு உத்தரவாதத்தில் வீட்டுக் கடன் என்றார்கள். 1947இல் மிசிசிப்பி நகரங்களில் வழங்கப்பட்ட 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை 2. விழுக்காடு இல்லை தோழர்களே, இரண்டு கடன்கள். வெர்மான்டிலிருந்து ஒருவர் வந்து எல்லோருக்கும் தருகிறேன் என்று சொன்னால், சவுத் கரோலினாவில் ஒரு பாட்டி, சரிப்பா, எங்கள் தெருவரைக்கும் வருமா என்று கேட்பது அறியாமையா?

அந்தப் பாட்டியின் மாநிலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் விவிலிய வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவர்களின் கொடி அதற்குப் பிறகுதான் சட்டமன்ற வளாகத்திலிருந்து இறங்கியது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை விரிவாக்க மாநில அரசு மறுத்தது. வெள்ளை மாளிகையில் டிரம்ப். யாருக்கு வெள்ளையர்கள் வாக்களிப்பார்கள் என்று கணித்து அதன்படி தாங்கள் வாக்களித்தார்கள். அதாவது அவர்கள் வாக்கில் பாதி, பக்கத்துத் தெருக்காரனின் மனத்தைப் படித்ததன் விளைவு. அம்மா சொன்ன ராத்திரிக் கணக்கு இதுதான்.

எனக்கு இடிக்கும் இடமும் இதுதான். ராத்திரி ஆள் வராமல் இருப்பதற்காகப் போடும் வாக்குக்குப் பதிலாக ராத்திரி ஆள் வராமல் இருப்பது மட்டுமே கிடைக்கும் என்றால், பகலுக்கு யாரைக் கேட்பது? அங்கே இளைய கறுப்பின வாக்காளர்கள் இதைக் கேட்டார்கள். அவர்களிடம் பைடனின் முன்னிலை முதியவர்களிடம் இருந்த அளவுக்கு இல்லை. ஜெஸ்ஸி ஜாக்சனும் 2020 மார்ச்சில் சாண்டர்ஸை ஆதரித்தார், அதுவும் மிச்சிகன் வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு. 1988இல் அவரே வென்ற மிச்சிகனில் பைடன் வென்றார்.

பிறகு என்ன நடந்தது? இது எனக்கு எதிர்பாராதது, சொல்லியே ஆக வேண்டும். 2021இல் அதிபர் பைடன், குழந்தைகள் உள்ள ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் போட்டார். வேலை நிபந்தனை கிடையாது. 1996இல் எதை ஒழிக்க வாக்களித்தாரோ அதையே ஓராண்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். குழந்தை வறுமை 5.2 விழுக்காடாக இறங்கியது. திட்டத்தை நீட்டிக்கக் குடியரசுக் கட்சியினர் யாரும் முன்வரவில்லை, சொந்தக் கட்சியின் ஜோ மான்சினும் மறுத்தார். மறு ஆண்டே 12.4 விழுக்காடு. பணம் கொடுத்தால் வறுமை குறையும், நிறுத்தினால் ஏறும் என்று கண்டுபிடிக்க ஒரு நாடே பரிசோதனைக் கூடமானது.

அதே 2021 சட்டத்தில் பல தலைமுறையாகக் கடன் மறுக்கப்பட்டு நிலம் இழந்த கறுப்பின விவசாயிகள் உள்ளிட்டோரின் கடனை அடைக்க 4 பில்லியன் டாலர் இருந்தது. வெள்ளையின விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். இனத்தின் அடிப்படையில் சலுகை கூடாது என்றார்கள். தடை வந்தது. 2022இல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டு, பாகுபாட்டுக்கு ஆளான எந்த விவசாயிக்கும் உதவி என்று மாற்றி எழுதப்பட்டது. 2024இல் 43,000 பேருக்குப் பணம் கிடைத்தது. இட ஒதுக்கீட்டு வழக்குகளை வாசித்துப் பழகிய உங்களுக்கு இந்த வரிசை எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கும்.

2020இல் தன்னைத் தூக்கி நிறுத்திய சவுத் கரோலினாவுக்குக் கட்சி நன்றி செலுத்தியது. 2024இல் ஐயோவாவையும் நியூ ஹாம்ப்ஷயரையும் தள்ளிவிட்டு, முதல் பிரைமரி உங்களுடையது என்றது. அறுபது ஆண்டு முன்பு இரண்டு இருக்கை தருகிறேன் என்ற கட்சி. பிப்ரவரி 3 அன்று வாக்கெடுப்பு. எதிரே சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. பைடன் 96 விழுக்காடு வாங்கினார். ஜூலை 21 அன்று போட்டியிலிருந்தே விலகினார். கமலா ஹாரிஸ் ஒரு பிரைமரிகூட இல்லாமல் வேட்பாளர் ஆனார்.

அந்த வாட்ஸாப் குழு இன்னும் இருக்கிறது, இப்போது பெரும்பாலும் வேலை வாய்ப்பு அறிவிப்புகள்தான் வருகின்றன. போன வாரம் இந்த உரைக்காக மேலே தள்ளித் தள்ளிப் போய் என் பழைய செய்தியைத் தேடி எடுத்தேன். அதன் கீழே கட்டைவிரல்களுக்கு நடுவே ஒரு ஜூனியர் தோழி ஒரு வரி எழுதியிருந்ததை அன்று நான் கவனித்திருக்கவில்லை: "அக்கா, அங்க போய் யாராவது கேட்டீங்களா?" அவருக்கு யாரும் பதில் எழுதவில்லை. அவர் இன்று இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் கேள்வி அவருடையதாக இருக்கட்டும்.